கேப்டன் நெற்றியில் சந்தனம்

பொம்மைக்கு அட்டைதான் உயிர். இதை என் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. இனியும் முடியாது.

எனக்குக் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை. சத்தி ரோட்டிலிருந்து சந்துக்குள் போக வேண்டும். பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. வேலை நேரம் போக விண்வெளிப் பொம்மை சேர்க்கிறேன். சேர்த்ததைப் பற்றி வீடியோ போடுகிறேன். எது தேறும், எது தேறாது என்று சொல்வேன். அவ்வளவுதான்.

சின்ன வயதில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று நின்றது. வெள்ளை உடுப்பு, தலையில் குண்டான் மாதிரி ஒரு கவசம், கையில் துப்பாக்கி. வெளிநாட்டுச் சாமான். தினமும் போய்ப் பார்ப்பேன். விற்கிறதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு கடையே மாறிவிட்டது.

இப்போது சில பேர் அதே பாணியில் வீட்டு அறையில் அச்சு எடுத்துச் செய்கிறார்கள். ஒரு வகையில் ஐம்பது, அறுபது. அதோடு சரி. ஐந்து மூட்டுதான் அசையும்: தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கழுத்து ஒன்று. முழங்கால் மடங்காது. அந்தக் காலத்துப் பொம்மைக்கும் மடங்காது, அதனால் இதற்கும் மடங்கக் கூடாது. அதுதான் கணக்கு. பொம்மையை ஒரு பிளாஸ்டிக் குமிழில் அடைத்து, படம் போட்ட அட்டையில் ஒட்டித் தருவார்கள். என்றோ வந்து எல்லோரும் மறந்துபோன சினிமாவின் போஸ்டர் மாதிரி இருக்கும் அந்தப் படம். அப்படி ஒரு சினிமா கிடையாது. செய்கிறவரே வரைந்து, அவர் வீட்டு பிரிண்டரில் அடித்தது. பிரிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு அந்த அட்டையில் ஒரு மடிப்பு விழுந்தாலும் தூக்கம் போகும்.

வீடியோ எடுப்பது என் வீட்டுக்காரி. போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பாள். நான் சொல்வேன்: "இடுப்பு ஆடுது. பெயிண்ட் பரவால்ல. கழுத்து டைட். வாங்கலாம்." முடிந்தது.

"ஏனுங்க, இன்னும் ரெண்டு வார்த்தை சேத்திப் பேசுனா வாயா வலிக்கும்?" என்பாள்.

"சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் ஒக்காந்திருந்தீங்க. எங்கப்பா, மாப்ளைக்குப் பேச்சு வருமான்னு தரகரைக் கேட்டாரு."

இதுவும் வீடியோவில் பதிந்துவிடும். வெட்டத் தெரியாது. பார்க்கிறவர்கள் அதற்குத்தான் சிரிப்பார்கள். பொம்மையைப் பற்றி ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு செட் வந்தது. விண்கலத்து ஆட்கள் நான்கு பேர். கேப்டன், டாக்டர், ரோபோ, மெக்கானிக். முதல் மூன்று பேர் கையிலும் துப்பாக்கி. டாக்டருக்குக்கூடத் துப்பாக்கி. மெக்கானிக் கையில் மட்டும் ஸ்பேனர். எத்தனையோ பொம்மை பார்த்திருக்கிறேன். வேலை செய்கிற பொம்மை ஒன்றும் பார்த்ததில்லை. எனக்கு அவன் வேண்டும்.

விற்பனை திறந்த அன்று லேத்தை நிறுத்திவிட்டுப் போனோடு உட்கார்ந்தேன். நான்கையும் பிடித்துவிட்டேன். பார்சல் வந்தது. பிரித்தால் கேப்டன், டாக்டர், ரோபோ, இன்னொரு கேப்டன். மெக்கானிக் இல்லை.

செய்கிறவருக்கு மெசேஜ் போட்டேன். பார்சல் மாறிவிட்டது என்றார். மெக்கானிக் தீர்ந்துவிட்டது, மறுபடி செய்கிற மாதிரி இல்லை, அச்சு உடைந்துவிட்டது என்றார். சத்தியமங்கலத்தில் ஒருத்தருக்கு இரண்டு மெக்கானிக் போயிருக்கிறது, அவருக்குக் கேப்டன் போகவில்லை, நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள் என்று நம்பர் கொடுத்தார்.

ஆக, என் மெக்கானிக் சத்தியில். சத்திக்காரர் கேப்டன் என்னிடம். மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. எவ்வளவு சுலபம்.

சத்திக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். என்னைவிடச் சின்னவர். பிரிக்காத ஆள். அட்டையோடு சுவரில் மாட்டி வைப்பவர். போனில் கேட்டார்.

"அட்டை நல்லா இருக்குதுங்களாணா?"

"இருக்குது."

"மூலை?"

"மடங்கல."

"குமிழி?"

"கீறல் இல்ல."

"நீங்க சொன்னாச் செரிதானுங்ணா. உங்க வீடியோ பாத்திருக்கறனுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. பேசவே மாட்டீங்க, எங்க பொய் சொல்றது?"

கூரியரில் போட இரண்டு பேருக்கும் மனசில்லை. அட்டை வளைந்துவிடும். ஆயுத பூசை கழிந்து ஞாயிற்றுக்கிழமை அவரே பஸ் ஏறி வருவதாகச் சொன்னார். சத்தி பஸ் எங்கள் வழியாகத்தான் போகும். சரி என்றேன்.

அந்த வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. பொம்மைகளை எங்கே வைப்பது என்று வீட்டுக்காரி கேட்டாள். பட்டறைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன்.

"பட்டறையில எதுக்குங்க பொம்மை? தொழில் பண்ற எடத்துல?"

"இதுவும் தொழில்தான்."

பேச்சை முடிப்பதற்காகச் சொன்னேன். வேறு ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. வருஷத்துக்கு நான் பேசுவதே கொஞ்சம். அதில் இந்த ஒரு வார்த்தை போய் அவள் மனதில் உட்கார்ந்துவிட்டது.

பூசை அன்று காரமடையிலிருந்து மாமனார் வந்தார். எங்கள் பட்டறையில் பூசை அவர் கையால்தான். காலையிலேயே மெஷினை எல்லாம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருந்தேன். வாசலில் வாழைக்கன்று கட்டினேன். பொரியும் வெள்ளைப் பூசணியும் வாங்கப் போனேன். ரோட்டில் நகர முடியாத கூட்டம். பூசணிக்காரன் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தருக்குப் பத்துக் காயைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தால் எல்லாவற்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம். லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, பெஞ்ச் வைஸுக்கு, கிரைண்டருக்கு, வெர்னியர் டப்பாவுக்கு, ஸ்விட்ச் போர்டுக்கு. வண்டிக்கு. தண்ணீர் கேனுக்கு. வீட்டுக்காரி கையில் சந்தனக் கிண்ணத்தோடு பின்சுவர் ரேக்குக்கு முன்னால் நின்றாள்.

ரோபோ மார்பில் பொட்டு. டாக்டர் தலையில் பொட்டு. அவை பிரித்த பொம்மை. பிளாஸ்டிக். துடைத்தால் போகும். பக்கத்தில் பிரிக்காத கேப்டன். சத்திக்காரருடைய கேப்டன். அட்டையில் வரைந்த கேப்டன் நெற்றியில், சரியாக நடுவில், சந்தனம் வழிய ஒரு பொட்டு.

"என்ன பண்ணிட்ட?"

"குமிழி மேல நிக்கலீங்க, வழுக்குது. அதான் படத்துக்கு வெச்சுபோட்டேன். மூஞ்சி அங்கதானுங்களே இருக்குது."

"இதுக்கு எதுக்கு வெச்ச?"

"நீங்கதானுங்க தொழில்னு சொன்னீங்க. தொழில்னா பொட்டு வெக்காம உடலாமா? போன வருசம் வெக்கலைங்க. அதான் உங்களுக்கு அந்த ஸ்பேனர்காரன் கெடைக்கலையோ என்னமோன்னு நெனைச்சேன்."

நல்ல மனதோடு செய்திருக்கிறாள். அதுதான் பெரிய எரிச்சல். கெட்ட மனதோடு செய்திருந்தால் கத்தியிருக்கலாம்.

ஈரம் இன்னும் இருந்தது. வேஸ்ட் துணியில் சுத்தமான துண்டாகப் பார்த்து எடுத்தேன். மெல்ல ஒற்றி எடுத்தால் பாதியாவது தேறும். அட்டை பக்கம் கை போனது.

"மாப்ள, என்ன பண்றீங்க?"

மாமனார். தட்டில் கற்பூரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க மாமா. இது ஒண்ணு மட்டும்..."

"வெச்ச பொட்டை அழிக்கறதுங்களா? பூசைக்கு முன்னாடியா?"

"காகிதமுங்க மாமா. மை ஓடிரும்."

"ஓடுனா ஓடிட்டுப் போகுது. ஒரு ராத்திரிதானுங்களே. நாளைக்கு மறுபூசை முடிச்சுப்போட்டு, தாராளமாத் தொடைச்சுக்கங்க. எந்திரிச்சு இப்படி வாங்க, மணி அடிங்க."

மணி அடித்தேன். கற்பூரம் எரிந்தது. நான் பார்த்தது அட்டையை. படத்தில் கேப்டனுக்குப் பின்னால் நீல வானம். அந்த நீலம் மெல்லச் சந்தனத்துக்குள் ஏறியது. குங்குமம் கீழே இறங்கிப் புருவத்தைத் தொட்டது. வீட்டு பிரிண்டர் மை. தண்ணீர் தாங்காது. அவள் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தாள். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சாமியிடம் என்ன கேட்டேன் என்று கேட்டால், சீக்கிரம் காய வேண்டும் என்று கேட்டேன்.

பூசணியை ரோட்டில் உடைத்தேன். நன்றாக ஓங்கித்தான் உடைத்தேன்.

கிளம்பும்போது டேபிள் ஃபேனை ரேக் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். மாமனார் உள்ளே போய் அணைத்தார்.

"இன்னிக்கு மெஷினெல்லாம் ஓய்வுங்க மாப்ள. ஃபேனும் மெஷின்தானுங்களே. அதுக்கும் பொட்டு வெச்சிருக்குதே, பாக்கலீங்களா?"

வைத்திருந்தாள். மூடி நடுவில்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் நான் போய் நின்றேன். மாமனார் நிதானமாக வந்து, நிதானமாகக் கற்பூரம் காட்டி, லேத்தை ஒரு சுற்று ஓட்டி நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அட்டையில் கை வைத்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பிளேடு முனையால் தூக்கினேன். சந்தனம் வந்தது. மையும் அதோடு வந்தது. கேப்டனுக்கு நெற்றி இல்லை. வெள்ளையாக ஒரு ஓட்டை, சுற்றி மஞ்சள் வளையம், இரண்டு கண்ணிலும் சிவப்பு. அட்டை அலை அலையாக எழும்பி, குமிழ் ஒட்டிய ஓரம் ஒரு பக்கம் விட்டிருந்தது.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"பொம்மை உள்ள நல்லாத்தானுங்க இருக்குது?"

"இருக்குது."

"பின்ன?"

"அட்டை போச்சு."

"அட்டையை வெச்சா வெளையாடறீங்க?"

"வெளையாடறதில்ல."

"பின்ன என்னதானுங்க பண்றீங்க இதை வெச்சுட்டு?"

அவள் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் வேணா மேல பேப்பர் போட்டு இஸ்திரி போட்டுத் தரட்டுங்களா? நேராயிரும்."

அட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் முகம் சுருங்கியது. கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, "அந்த ஸ்பேனர்காரனை நீங்களே லேத்துல கடைஞ்சுக்கலாமில்லீங்க? உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

கடையலாம். அது நான் கடைந்த ஒன்றாக இருக்கும். அவனாக இருக்காது.

போட்டோ எடுத்துச் சத்திக்காரருக்கு அனுப்பினேன். மறைக்க மனசு வரவில்லை. கீழே எழுதினேன்: "சந்தனம் பட்டுவிட்டது. அட்டை கெட்டுவிட்டது." அவர் போனில் கூப்பிட்டார்.

"அதனாலென்னங்ணா. நேர்ல பாத்துக்கலாமுங்க. ஞாயித்துக்கெழமை வாரனுங்க."

அந்தக் குரலில் எனக்கு நம்பிக்கை வந்தது. வந்திருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. அட்டை வளையாமல் இருக்க இரண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவில் மெக்கானிக்கை வைத்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பிரித்து என் கையில் கொடுத்தார். பழுப்பு உடுப்பு. முழங்கையில் மை அடித்த மாதிரி ஒரு தீற்றல், கிரீஸ் கறைக்காக. ஸ்பேனரில் வாய் சரியான கோணத்தில் இருந்தது. அளந்து செய்திருக்கிறார்கள்.

நான் கேப்டனைக் கொடுத்தேன். அவர் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஓரத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"என்னோட கேப்டன் பிரிச்சது இருக்குது. அதையும் சேத்தி எடுத்துக்கங்க," என்றேன். எனக்கு அது பெரிய பேச்சு.

"ஐயோ, அதெதுக்குங்ணா. உங்குளுது உங்ககிட்டயே இருக்கட்டும்."

அப்போது வீட்டுக்காரி சோற்றுப் போசியோடு வந்துவிட்டாள். வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்புவது எங்கள் பக்கம் கிடையாது. பெஞ்சில் கிடந்ததை ஒதுக்கி இலை போட்டாள். நாட்டுக்கோழிக் குழம்பு.

"ஏனுங் தம்பி, கோவிச்சுக்காதீங்க. நாந்தானுங்க பொட்டு வெச்சேன்."

"அக்கா, இதுல கோவமென்னங்க? சாமிக்குத்தானுங்களே வெச்சீங்க. நல்லதுதானுங்க."

"பாத்தீங்களா!" என்று என் பக்கம் திரும்பினாள். "இவருக்குப் புரியுது. நீங்கதான் நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு... இன்னொரு கரண்டி ஊத்திக்கங்க தம்பி."

"நெம்ப நல்லா இருக்குதுங்க்கா கொழம்பு."

நான் சாப்பிடவில்லை. அவர் கை கழுவியதும் கேட்டேன்.

"அப்போ மாத்திக்கலாங்களா?"

அவர் துண்டால் கை துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்தார்.

"யோசிச்சுச் சொல்றனுங்ணா."

எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். முகத்துக்கு நேரே இல்லை என்று ஒருத்தரும் சொல்ல மாட்டோம். சொன்னால் மரியாதை இல்லை. பெண் கொடுக்க இஷ்டமில்லை என்றாலும் இதே வார்த்தை, நிலம் விற்க இஷ்டமில்லை என்றாலும் இதே வார்த்தை. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மெக்கானிக்கை வாங்கிப் பிளைவுட்டுக்கு நடுவில் வைத்து, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். வீட்டுக்காரி பூசைப் பொரியை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். "வாரனுங்க்கா, வாரனுங்ணா," என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தி பஸ் உடனே வந்தது. மற்ற நாளில் அவ்வளவு சீக்கிரம் வராது.

"நல்ல பையன். ஒத்துக்குவாரு பாருங்க," என்றாள்.

"ஒத்துக்க மாட்டாரு."

"யோசிச்சுச் சொல்றேன்னாரே?"

"அதான்."

அவளும் இந்த ஊர்க்காரிதான். அவளுக்கும் தெரியும். இலையை எடுத்துப் போடப் போனாள்.

ஆனாலும் கூப்பிட்டேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை. "கடையில கொஞ்சம் சோலிங்ணா, சொல்றனுங்க" என்றார். தீபாவளி கழித்து ஒரு தடவை. "அக்கா நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார். பொங்கல் வாக்கில் அவரே கூப்பிட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்ணா. ஈரோட்டுல ஒருத்தர்ட்ட கேப்டன் இருந்துதுங்க. அட்டை புதுசாட்ட இருந்துது. மெக்கானிக்கைக் குடுத்துபோட்டு வாங்கிட்டனுங்க."

"செரி."

"கோவமில்லீங்களே?"

"இல்ல."

அவர் மேல் தப்பில்லை. அவருடைய கேப்டன் என் பொறுப்பில் இருந்தபோது கெட்டது. நான் பிரிக்காத ஆளாக இருந்தால் நானும் வாங்கியிருக்க மாட்டேன். கோபப்பட ஆள் தேடினேன். செய்தவர் அட்டைக்கு நல்ல மை போட்டிருக்கலாம். மாமனார் ஃபேனை ஓட விட்டிருக்கலாம். பூசணிக்காரன் என்னைச் சீக்கிரம் அனுப்பியிருக்கலாம். யார் மேலும் கோபம் நிற்கவில்லை. குமிழ் மேல் சந்தனம் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

ஒரு வீடியோ மட்டும் போட்டேன். கெட்ட அட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன். வீட்டுக்காரி போனைப் பிடித்தாள்.

"இந்த செட்டு பொம்மை நல்லா இருக்குது. அட்டை ஈரம் தாங்காது. மை ஓடுது. வாங்கறவங்க பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க."

"எப்படி ஈரமாச்சுன்னு சொல்லுங்க," என்றாள் போனுக்குப் பின்னாலிருந்து.

"வேண்டாம்."

"நானே சொல்றேன். நாந்தானுங்க, ஆயுத பூசைக்குச் சந்தனம் வெச்சுபோட்டேன். இவரு பாவம், ஒரு வார்த்தை திட்டலைங்க. திட்டியிருந்தாத் தேவலை."

அப்படியே போய்விட்டது. என் வீடியோவிலேயே நிறையப் பேர் பார்த்தது அதுதான். அக்கா பேச்சு அருமை, அக்காவைப் பேச விடுங்கள், பொட்டு வைத்த கேப்டன் ஸ்பெஷல் எடிஷனா, எங்கே கிடைக்கும் என்று எழுதினார்கள். அட்டை மையைப் பற்றி ஒருத்தர்கூட எழுதவில்லை. ஸ்பெஷல் எடிஷனா என்று கேட்டவருக்கு மட்டும் பதில் போட்டேன். "இல்லைங்க. கறை."

மெக்கானிக் எங்கேயும் விற்பனைக்கு வரவில்லை. இன்றும் தேடுகிறேன். ஈரோட்டுக்காரரிடம் கேட்டேன். அவரும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஆயுத பூசை வந்தது. இந்தத் தடவை பொரியையும் பூசணியையும் முதல் நாளே வாங்கி வைத்துவிட்டேன். பட்டறையை விட்டு நகரவில்லை. அவள் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினாக வைத்துக்கொண்டு வந்தாள். ரேக்குக்கு முன்னால் நின்றாள். கெட்ட அட்டையை நான் அங்கேயே வைத்திருந்தேன். தூக்கிப் போடவில்லை. அது என்னுடையது இல்லை என்று இன்னும் ஒரு எண்ணம்.

"இதுக்கு?" என்றாள்.

மாமனார் அந்தப் பக்கம் தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"தொழில் இல்லீன்னாச் சொல்லுங்க. வெக்கலை," என்றாள்.

இல்லை என்று வாய் வரை வந்தது. அட்டையைப் பார்த்தேன். நெற்றியில் அதே வெள்ளை ஓட்டை.

"தொழில்தான். அந்த எடத்துலயே வை."

வைத்தாள். ஓட்டை மறைந்தது. விலகி நின்று, கோணலாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, மாமனாருக்குக் கேட்காமல் சொன்னாள்.

"இந்த வாட்டி தண்ணி சேத்தாமக் கெட்டியாக் கொழைச்சிருக்கறனுங்க."